மாமாவின் வண்டிக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது

அன்புள்ள மாமாவுக்கு,

இல்லை, எங்கும் இடிக்கவில்லை. நேற்று தொலைபேசியில் என் குரல் அப்படி இருந்ததற்குக் காரணம் வேறு. நான் நலம். நீங்களும் அத்தையும் நலமென்றால் மேலே படியுங்கள்.

ஓட்டுநர் தேர்வில் மூன்றாம் முறையில்தான் தேறியவளிடம் புது வண்டியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனவர் நீங்கள் ஒருவர்தான். அப்பா தன் பழைய வண்டியின் சாவியைக்கூட என் கண்ணில் காட்டுவதில்லை. உங்கள் நம்பிக்கையும் போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

திங்கட்கிழமை. அலுவலகத்தின் அடித்தள வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கும் வளைவுப் பாதை. இருட்டு. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ஹெட்லைட் வெளிச்சமும் இடப்பக்கம் நகர்கிறது, வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம், நிமிர்த்தினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நேராக நிற்கிறது, விளக்கு கழன்று ஆடுகிறது என்று பதறிப் பட்டறைக்கு ஓட்டினேன், மெக்கானிக் அண்ணன் சுவரைப் பார்க்க நிறுத்தி ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்தார், வெளிச்சம் அசையவே இல்லை, நான் அசையுது அண்ணா என்றேன், அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒழுங்காகத் தூங்குகிறேனா என்று கேட்டார். நான் விடவில்லை. "எப்படியாவது வெளிச்சத்தை நேரா நிக்க வைங்க. வெள்ளிக்கிழமை மாமா வந்துடுவாரு." வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதன் கையேட்டை மட்டும் எடுத்து வந்தேன்.

இன்று படித்தேன். பக்கம் நூற்று நாற்பது. அது பழுதே இல்லை மாமா. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று உணர்கருவிகள் பார்த்துக்கொண்டே இருக்குமாம். விளக்குக்குள் ஒரு சின்ன மோட்டார். அது வெளிச்சத்தை வளைவுக்குள் திருப்பும். வண்டியின் மூக்கு இருக்கும் திசைக்கு அல்ல, போகப்போகும் வழிக்கு. நின்ற வண்டியில் திரும்பாது. பட்டறையில் என் மானம் போனது அதனால்தான்.

அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன். நான் எதையும் உடைக்கவில்லை.

அத்தைக்கு என் அன்பு. இருவரும் பதற்றமில்லாமல் வந்துசேருங்கள்.

உங்கள் மருமகள்

பி.கு.: மெக்கானிக் இப்போதுதான் அழைத்தார். குரலில் மரியாதை கூடியிருந்தது. "நீங்க சொன்னது சரிதாம்மா. ஓட்டிப் பார்த்தேன், ரெண்டு விளக்கும் திரும்புது. இனிமே திரும்பாது. அசையாம இறுக்கிட்டேன்." இறுக்கியதைத் திரும்பக் கழற்றிவிடலாம், அரை நாள் வேலை என்கிறார். கையேட்டை எடுத்துக்கொண்டேன். பட்டறைக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.