நானே கடைந்த குங்குமச் சிமிழ்

கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க ஆசைப்படுகிறவன் தன் கல்யாண நாளில் அதற்கு முயலக் கூடாது. நான் முயன்றேன்.

பினாங்கில் டிராம் வண்டி ஓடிய காலம். குவீன் தெருவுக்குப் பின்னால் ஒரு கடைசல் பட்டறையில் எனக்கு வேலை. கட்டில் கால், மாடிப்படிக் கம்பம் எல்லாம் கடைவேன். உள்ளே குடைந்து எதையும் கடைந்ததில்லை. (அதைப் பெண் வீட்டில் போய்ச் சொல்வார்களா என்ன?) பெண்ணின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களை மேய்க்கும் மண்டோர். ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணி மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதம்.

"மரம் சீவுறவனுக்கா என் பொண்ணு?"

"மாமா, கல்யாணத்துக்குக் குங்குமச் சிமிழை நானே கடைஞ்சு கொண்டாரேன். பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சவால் விட்டேன்.

காய்ந்த மரத்தைக் குடைந்ததில் அடியில் ஓட்டை விழுந்தது. அடுத்த கட்டை பிடி நழுவிப் பறந்து முதலாளியின் காப்பிக் கோப்பையை உடைத்தது. கடைசியில், அன்றுதான் வெட்டிய பலாக்கட்டையை மாட்டினேன். உளி வழுக்கிக்கொண்டு இறங்கியது. "டேய், பச்சை மரம் காஞ்சா கோணிக்கும்டா!" என்று முதலாளி கத்தினார். நான் காதில் வாங்கினால்தானே! மூடி 'டப்' என்று அழகாகத் திறந்தது. மாமனார் அதைத் திறந்து திறந்து பார்த்தே சம்மதித்துவிட்டார்.

கல்யாணத்துக்குள் மரம் காய்ந்து, வட்டச் சிமிழ் முட்டை வடிவமாகிவிட்டது. மூடியை ஒரே வாக்கில் வைத்தால்தான் சேரும். அது தெரியாமல் மாமியார் குங்குமத்தை நிரப்பி, மூடியைக் குறுக்கே வைத்து ஓங்கி அடித்து மூடியிருக்கிறார்.

தாலி கட்டினேன். "குங்குமம் வைங்க" என்றார் ஐயர். மூடி அசையவில்லை. திருகினேன், பல்லால் கடித்தேன். ஊஹூம்.

"நேரம் போகுது லா, மாப்பிள்ளே!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"கிராணியா இருந்தா பேனா மூடியாவது திறக்கத் தெரிஞ்சிருக்கும்" என்று பொருமிய மாமனார், என் எதிரே உட்கார்ந்து சிமிழின் அடியைப் பிடித்தார். "இழுங்க!"

இழுத்தேன். 'டப்!' மாமனார் மல்லாக்க விழுந்தார். குங்குமம் மொத்தமும் அவர் வழுக்கைத் தலையில். சிமிழில் ஒரு சிட்டிகை இல்லை.

முகூர்த்தம் முடியப் போகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான், குனிந்த தலை நிமிராமல் மணப்பெண் முதன்முதலாக என்னிடம் பேசினாள்.

"அதான் அப்பா தலையில நிறைய இருக்கே. எடுத்து வைங்க."

எடுத்து வைத்தேன். மனிதர் அசையாமல் தலையைக் காட்டினார்.

அண்மையில் பேரனுக்குப் பெண் பார்க்கப் போனோம். ஜாதகத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே என் மனைவி கேட்டாள்:

"பொண்ணோட அப்பாவுக்கு வழுக்கை இருக்கா?"