ஐந்து கேள்விக்குறி உள்ள ஆள்

மரியாதைக்கும் மதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அதனால் நலம். அங்கே நீங்கள், என் மகள், பேத்தி மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்களை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டு விலாசம் இருக்கும்போது ஆபீஸ் விலாசத்துக்கு ஏன் எழுதுகிறார்கள் என்று யோசிப்பீர்கள். வீட்டுக்கு எழுதினால் உங்கள் மனைவி பிரித்துப் படிப்பாள். போன் செய்தால் உடனே ஸ்பீக்கரில் போடுவாள். அதுவும் தவிர போனில் என் வாய் என் பேச்சைக் கேட்காது. மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு சொல் வந்துவிட்டால் பிறகு அதை விழுங்க முடியுமா? பேனா என்றால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். கீழே நிறைய இடத்தில் அடித்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் வந்தது ஞாயிறு காலை பத்தேகாலுக்கு. சாப்பிட்டுக் கை கழுவியது ஒன்றரைக்கு. ஒன்று முப்பத்தைந்துக்கு மேஜை மேல் சும்மா கிடந்த என் போனைக் கையில் எடுத்தீர்கள். யாராவது எடுக்கச் சொன்னார்களா? "அத்தை, இது ரொம்பப் பழசு. ஒருநாள் பட்டுன்னு நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கிற நம்பர் எல்லாம் போயிடும். கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு, அதுல மெயில் புரோகிராம்ல ஏத்தி வெச்சிடறேன், பத்திரமா இருக்கும்" என்றீர்கள். "இப்பவும் பத்திரமாத்தான் இருக்கு மாப்பிள்ளை, என் தலைக்குள்ள" என்றேன். "தலை எத்தனை நாளைக்கு அத்தை?" என்று சிரித்தீர்கள். நீலச் சட்டை போட்டிருந்தீர்கள், மேல் பட்டன் போடவில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சும்மா சொல்கிறேன்.

பிறகு ஒரு கேபிளைப் போட்டு, என் போனிலிருந்து எல்லாரையும் உறிஞ்சி ஒரு கோப்பில் அடைத்து, அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளினீர்கள். அது என்னவோ கேட்டது. நீங்கள் சரி என்று அழுத்தினீர்கள். இன்னொன்று கேட்டது. அதற்கும் சரி. பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், ஐந்து தடவை கேட்டது, ஐந்து தடவையும் படிக்காமல் சரி என்று அழுத்தினீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால்கூட நாலாம் வகுப்புப் படித்த நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போடுவேன். உங்களைச் சொல்லவில்லை, படிப்பைச் சொல்கிறேன். எல்லாம் முடிந்ததும், "போன்ல ஒரே குப்பை அத்தை, துடைச்சிட்டு சுத்தமான லிஸ்ட்டைத் திருப்பி ஏத்தித் தரேன்" என்று அதையும் துடைத்து, திருப்பி ஏற்றிவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் காரில் ஏறிப் போய்விட்டீர்கள்.

மூன்றே காலுக்கு நான் போனைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளே போனார்கள். பதினேழு பேர் வெளியே வந்திருக்கிறார்கள். அந்தப் பதினேழு பேருக்கும் பெயர் கிடையாது. எல்லாம் கேள்விக்குறி. ஒருவனுக்கு நாலு கேள்விக்குறி, ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு எட்டு. நான் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "அது தமிழ் எழுத்து அந்தப் புரோகிராமுக்குப் புரியலை அத்தை, எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டிருக்கும். ஒரே பேரா இருந்ததை ஒண்ணா சேத்திருக்கும். அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம், இப்ப வண்டி ஓட்டிட்டிருக்கேன்" என்று வைத்துவிட்டீர்கள். அடுத்த தடவை எப்போது? போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் ஏழு மாசம் பதினோரு நாள்.

சரி என்று நானே பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன் மாப்பிள்ளை. எனக்குத் தெரிந்து தம்பி என்றால் மூன்று எழுத்து. த, ம், பி. உங்கள் கம்ப்யூட்டருக்கு ஐந்து. புள்ளியைத் தனி ஆளாக எண்ணுகிறது, மேலே போடும் சுழியைத் தனி ஆளாக எண்ணுகிறது. அண்ணியும் அப்படியே ஐந்து. அத்தை ஐந்து. பிளவுஸ் தைக்கிற அம்மாவைத் 'தையல்' என்று போட்டு வைத்திருந்தேன், அவளும் ஐந்து. ஆக என் தம்பி, அவன் முகத்தையே பார்க்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற அண்ணி, காது கேட்காத தொண்ணூறு வயது அத்தை, தையல்காரி எல்லாரும் சேர்ந்து இப்போது ஒரே ஆள். சொத்துப் பிரிக்கும்போது நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசியும் ஒன்றாகச் சேராத குடும்பத்தை உங்கள் கம்ப்யூட்டர் ஒரே பொத்தானில் சேர்த்துவிட்டது. நல்லது. அதோடு விட்டதா? ஒரு ஆளுக்கு மூன்று நம்பருக்குத்தான் அதில் இடமாம். கைபேசி, வீடு, அலுவலகம். மூன்று பேரை அந்த மூன்றில் திணித்துவிட்டு மிச்சம் இருந்தவர்களை வெளியே தள்ளிவிட்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எட்டு கேள்விக்குறியை எப்படிப் பொறுப்பது? பிளம்பர் என்று எழுதி எண்ணிப் பாருங்கள், எட்டு. சம்பந்தி என்று எழுதி எண்ணிப் பாருங்கள், எட்டு. அந்த எட்டில் எண்ணைக் காட்டாமல் கைபேசி, வீடு என்று மட்டும் போட்டு இரண்டு நம்பர் இருந்தது. பிளம்பர் கையில் போனோடு ஊர் சுற்றுகிறவன், அவனுக்குக் கைபேசி. உங்கள் அம்மா வீட்டில் இருப்பவர்கள், அவர்களுக்கு வீடு என்று அறிவுள்ள எவரும் நினைப்பது மாதிரி நானும் நினைத்து, இரண்டு பேருக்கும் திங்கட்கிழமை காலை செய்தி அனுப்பினேன். அது தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறது. பிளம்பருக்கு என்று நான் எழுதி, உங்கள் அம்மாவுக்குப் போன செய்தியை வரி விடாமல் கீழே தருகிறேன், ஏனென்றால் அவர்கள் உங்களிடம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள்:

"மூணு தடவை வந்தும் ஒழுகல் நிக்கலை. வர்றது, உக்காந்து காபி குடிக்கிறது, ஊர்க்கதை பேசறது, போறது. இனிமே என் வீட்டு வாசப்படி ஏறாதே. உன்னைவிட சுத்தமான ஆள் எனக்குக் கிடைச்சாச்சு."

உங்கள் அம்மா இந்த வருஷம் மூன்று தடவை வந்தது நிஜம். மூன்றாவது தடவை அவர்களுக்கு ஜலதோஷம் என்பதும் நிஜம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் குழாயைச் சொன்னேன். இதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன், எனக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று என் மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் உயரம் கம்மி, பரவாயில்ல" என்று அவர்கள் சொன்னார்களே, பதினோரு வருஷத்தில் நான் அதை ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறேனா? இப்போதுகூடச் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

அங்கே அப்படி என்றால் இங்கே பிளம்பர். உங்கள் அம்மாவுக்கு என்று நான் எழுதியது அவனுக்குப் போயிருக்கிறது: "உங்க ஞாபகமாவே இருக்கு. இந்தத் தடவை அவசரமா ஓடக் கூடாது, நாலு நாள் தங்கற மாதிரி வாங்க. மாடி அறையைத் துடைச்சு வெச்சிருக்கேன்." செவ்வாய் காலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. ஒரு கையில் கருவிப்பெட்டி, ஒரு கையில் துணிப்பை, கக்கத்தில் சுருட்டிய பாய்.

"யாருடா உன்னை வரச் சொன்னது? வராதேன்னுதானேடா போட்டேன்!"

"இல்லைம்மா, வாங்கன்னுதான் போட்டிருக்கீங்க. நாலு நாள் தங்கிச் செய்யற வேலைன்னா பெரிய வேலையாத்தான் இருக்கும்னு எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன்."

"அது உனக்கு இல்லடா!"

"நீங்க இப்பக் கோவமா இருக்கீங்க, பரவாயில்லம்மா. முப்பது வருஷமா குழாய் வேலை பாக்கறேன். 'உங்க ஞாபகமாவே இருக்கு'ன்னு ஒரு வீட்டுலகூட யாரும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன். அவளே நம்பலை."

கண் கலங்கிப் போய் நிற்கிறவனை எப்படித் திருப்பி அனுப்புவது? குளியலறைச் சுவரை உடைத்துப் போட்டிருக்கிறான். இன்று வியாழன். மாடி அறையில்தான் படுக்கிறான். ஒழுகல் நிற்கவில்லை.

போகட்டும். உங்கள் அம்மா இன்றைக்குக் கோபித்துக்கொண்டால் நாளைக்குச் சரியாவார்கள். சுவரைப் பூசிக்கொள்ளலாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்றுப் பதினொரு பேரின் நம்பர் எனக்கு மனப்பாடம், உங்கள் கம்ப்யூட்டரின் தயவு எனக்கு வேண்டாம். நான் இந்தக் கடிதம் எழுதுவது மிச்சம் இருக்கிற அந்த ஒரு நம்பருக்காக. ஐந்து கேள்விக்குறியில் இடம் போதவில்லை என்று வெளியே தள்ளப்பட்ட நம்பர்களில் அதுவும் ஒன்று. 'தங்கை' என்று போட்டு வைத்திருந்தேன்.

உங்களுக்கு அவளைத் தெரியாது. உங்கள் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை, நான் கூப்பிடவில்லை. என் கூடப் பிறந்தவள், ரிட்டயர் ஆன டீச்சர். பத்தொன்பது வருஷம் நாலு மாசத்துக்கு முன்னால் அவள் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தபோது, ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் நாலு பக்கம் கடிதம் எழுதினேன். எனக்கு எழுத்து ஓடாது, ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது. எட்டாம் நாள் என் கடிதமே எனக்குத் திரும்பி வந்தது மாப்பிள்ளை. சிவப்பு மையில் முப்பத்தோரு இடத்தில் திருத்தம். விட்டுப்போன இடத்தில் எல்லாம் ஒற்றெழுத்தைப் போட்டு, அதன் தலையில் புள்ளியையும் குத்தி, கடைசிப் பக்கத்தின் அடியில் 'கவனம் தேவை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். நான் நாலாம் வகுப்போடு ஏன் நின்றேன்? வீட்டில் இவளைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்று நின்றேன். என் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவள் எனக்குக் கவனம் தேவை என்று எழுதுகிறாள்! அன்றைக்கு விட்டதுதான் பேச்சு.

பிறகு அவள் நம்பர் உங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் மனைவி வந்திருந்தபோது, "அம்மா, சித்தி அவங்க நம்பரைக் குடுக்கச் சொன்னாங்க, வேணுமா?" என்றாள். "எனக்கெதுக்குடி அது?" என்றேன். அவள் பேப்பர் ஓரத்தில் கிறுக்கி வைத்துவிட்டுப் போனாள். அவள் தெரு முனை திரும்பியதும் எடுத்துப் போனில் ஏற்றினேன். ஆசையில் இல்லை. தங்கை கூப்பிட்டால் எடுக்காமல் இருப்பதற்காக. பெயர் தெரிந்தால்தானே மாப்பிள்ளை எடுக்காமல் இருக்க முடியும்? மணி அடிக்க வேண்டும், 'தங்கை' என்று வர வேண்டும், நான் அதைப் பார்த்துக்கொண்டே வேறு வேலை செய்ய வேண்டும். மூன்று வருஷமாகத் தயாராக இருக்கிறேன், அந்தத் திமிர் பிடித்தவள் கூப்பிடவே இல்லை. கூப்பிடாதவளின் போனை எப்படி எடுக்காமல் இருப்பது?

இப்போது அதற்கும் வழியில்லாமல் ஆக்கிவிட்டீர்கள். ஆக்கிவிட்டது, கம்ப்யூட்டர். இந்த நாலு நாளில் பெயரில்லாத நம்பர் ஏழு வந்தது. எடுத்தால் அவளாக இருந்துவிடுவாளோ. எடுக்காவிட்டால் அவளாக இருந்திருப்பாளோ. ஏழையும் எடுத்தேன். ஐந்து பேர் மெத்தை வேண்டுமா என்றார்கள். ஒருவன் தப்பு நம்பர். ஏழாவது, வேறு யார் போனிலிருந்தோ உங்கள் அம்மா. அவர்கள் பேசியதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் மனைவியிடம் நம்பரைத் திருப்பிக் கேட்கலாம், கேட்டால், "ஏம்மா, சித்திகிட்ட பேசப்போறியா?" என்று அந்த நிமிஷமே அவளுக்கு அழைத்துச் சொல்லிவிடுவாள். அதைவிட நான் பிளம்பரோடு இந்த வீட்டில் வருஷம் முழுக்க இருந்துவிடுவேன். எனவே அந்தப் பழைய கோப்பு எங்கே இருந்தாலும் சரி, நீங்கள் குப்பையில் போட்டிருந்தாலும் சரி, குப்பையைக் கிளறியாவது அந்த ஒரு நம்பரை எடுத்து, யாருக்கும் சொல்லாமல், இந்த வாரத்துக்குள் எனக்கு அனுப்பி வைக்க வேண்டும். கூப்பிட்டுப் பேசும் நம்பர் என்றால் எனக்கு மனதில் நின்றிருக்கும். ஒருநாளும் கூப்பிட்டதில்லை, அதனால் நிற்கவில்லை. இது கெஞ்சல் இல்லை.

பேத்தியின் தலையை என் சார்பில் ஒருமுறை தடவிக் கொடுக்கவும். உங்கள் மனைவி வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொள்ளவும். நீங்கள் நீண்ட ஆயுளுடனும், உடல்நலத்துடனும், மற்றவர்கள் போனில் கை வைக்காத நல்ல புத்தியுடனும் இருக்க மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கோபம் எதுவும் இல்லாத,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: மேலே உள்ளது எதையும் செய்ய வேண்டாம், கோப்பைத் தேட வேண்டாம். கடிதத்தை மடிக்கும் முன், நீங்கள் மறுபடி ஏற்றுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லார் நம்பரையும் தனியாக ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். தம்பி எழுதினேன், அண்ணி எழுதினேன், அத்தை, தையல். 'தங்கை' என்று எழுதினேன். பக்கத்தில் இடம் விட வேண்டும் என்று நினைப்பதற்குள் கை பாட்டுக்குப் பத்து எண்ணையும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. சரியான நம்பர்தானா என்று பார்ப்பதற்கு மட்டும் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் கட் பண்ணினாள். யார் என்று தெரியாதவள் கட் பண்ண மாட்டாள், 'ஹலோ யாரு' என்பாள். ஆக, என் நம்பரைப் பெயர் போட்டு வைத்துக்கொண்டு, நான் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்று இத்தனை நாள் அவளும் உட்கார்ந்திருந்திருக்கிறாள்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நாலு தடவை கூப்பிட்டேன், நாலு தடவையும் கட். பிறகு அவளே கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. முழு மணியும் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நன்றாக இருந்தது மாப்பிள்ளை. இதோ, மறுபடியும் அடிக்கிறது. ஸ்டாம்ப் ஒட்டிவிட்டு எடுக்கிறேன்.