பிரெஞ்சு ஊருக்கு இருபத்தஞ்சாயிரம் துண்டு

லைப்ரரிக்குப் போகோணும், பிரான்சுல ஒரு சின்ன ஊரோட சனத்தொகையக் குறிச்சுட்டு வரோணும். அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை அவ்வளவுதானுங்க.

தொண்ணூறுகள்ல சோமனூர்ல ஒரு தறிக் கம்பெனில கிளார்க்கா இருந்தேன். பி.ஏ. ஹிஸ்டரி. அங்க டிகிரி படிச்சவன் நானொருத்தன்தான்னு கொழுப்பு வேற!

பிரான்சுல இருந்து ஒரு லெட்டர் வந்திருந்துச்சு. அவங்க ஊரு உண்டாகி எண்ணூறு வருசமாச்சாம். விழாக் கமிட்டி போட்டு, ஊர்ல ஆளுக்கொரு துண்டு குடுக்கறாங்களாம். துண்டுல ஊர்ப் பேரும் மணிக்கூண்டுப் படமும் இருக்கோணும்னு மாதிரியும் அனுப்பியிருந்தாங்க. எத்தனை வேணும்னு கமிட்டித் தலைவரே நேர்ல வந்து சொல்லுவாராம்.

எங்க மொதலாளிக்கு அதுவரைக்கும் பொறுமையில்ல.

"கண்ணு, அவரு வர்றப்ப சரக்கு ரெடியா நிக்கோணும். அசந்து போயி அடுத்த ஆர்டரையும் நமக்கே குடுத்துருவாரு."

"எத்தனைன்னு பேக்ஸ் போட்டுக் கேட்டறலாமுங்களே?"

"விருந்தாளிகிட்டப் போயி உங்கூர்ல எத்தன பேருன்னு கேக்கறது மரியாதையா? நீ படிச்சவன்தான? பாத்துட்டு வா!"

படிச்சவன்னு சொன்னாப் போதுமே. கோயமுத்தூருக்கு பஸ் ஏறிட்டேன்.

லைப்ரரில அட்டை பிஞ்ச தடிப் புத்தகம் ஒண்ணுல அந்த ஊரு இருந்துச்சு. நாலே வரி. ஒரு கோட்டை, ரெண்டு சண்டை, ஒரு பிளேக்கு, சனத்தொகை நாலாயிரம். புத்தகம் அச்சடிச்சு அறுபது வருசம் ஆயிருந்துச்சு.

அதை அப்படியே எழுதிட்டு வந்திருந்தா நான் மனுசன். ஹிஸ்டரி படிச்ச மூளை சும்மா இருக்குமா?

"ஏனுங்க, அறுபது வருசத்துல ஒரு ஊரு எத்தன மடங்கு பெருசாகுமுங்க?"ன்னு லைப்ரரியனக் கேட்டேன்.

"எங்க பெருந்துறை அப்ப வெறும் காடுங்க. இப்பப் போயிப் பாருங்க, கம்பெனிக்கு மேல கம்பெனி!"

திருப்பூரு என் கண்ணு முன்னாடியே வீங்குன ஊரு. நம்மூரே இப்படின்னா, பிரான்சு? கொறைச்சுப் போட்டாலும் அஞ்சு மடங்கு! இருபதாயிரம்னு எழுதி, கீழ ஒரு கோடும் போட்டேன்.

மொதலாளி சீட்டைப் பாத்தாரு. "விசேசம்னா வெளியூர்ச் சொந்தபந்தமெல்லாம் வருமேப்பா? ஒரு அஞ்சாயிரம் சேத்திக்கலாம்."

"அதும் சரித்தானுங்க"ன்னேன். என் அறிவு அப்படி!

ரெண்டு மாசம் ராப்பகலா தறி ஓடுச்சு.

தலைவர் வந்தாரு. மாலை போட்டோம், எளநி குடுத்தோம், குடோனத் தொறந்து காட்டினோம். கூரை வரைக்கும் மணிக்கூண்டு!

அண்ணாந்து பாத்தவரு இங்கிலீசுல கேட்டாரு, "இதெல்லாம் எந்தெந்த ஊருக்கு?"

"அத்தனையும் உங்க ஊருக்குத்தான்!"னு நான் பெருமையாச் சொன்னேன்.

மனுசன் பக்கத்துல கெடந்த மூட்டை மேல உக்காந்துட்டாரு. அவங்க ஊரு மில்ல மூடிட்டாங்களாம். வயசுப் பசங்கெல்லாம் பெரிய டவுனுக்குப் போயிட்டாங்களாம். இப்ப மொத்தமே ஆயிரத்து எண்ணூறு பேராம். போனவங்க ஒரு நாளாச்சும் வரட்டும்னுதான் அந்த விழாவேங்கறாரு. சொல்றப்பக் கண்ணு கலங்கிருச்சு. நான் மனசுக்குள்ள கழித்தல் கணக்குப் போட்டேன்.

"என்னப்பா சொல்றாரு?" மொதலாளி என்னைய இடிச்சாரு.

"ஊரு சுருங்கிப் போச்சாமுங்க."

"ஊரென்ன துணியா, சுருங்கறதுக்கு?"

பாவப்பட்டு அவரு ரெண்டாயிரம் எடுத்துக்கிட்டாரு. மிச்சம் இருபத்து மூவாயிரம். வாயில நொழையாத ஊர்ப் பேரு போட்ட துண்ட எந்தக் கடைக்காரன் வாங்குவான்?

மொதலாளி திட்டவேயில்லீங்க. அதுவரைக்கும் கண்ணுன்னு கூப்பிட்டவரு, "ஏனுங்க, ஹிஸ்டரிங்களா? ரொம்ப நல்லாப் படிச்சிருக்கறீங்க. சந்தை சந்தையாப் போயி நீங்களே வித்துட்டு வந்துருங்க"ன்னாரு. அந்த 'ங்க'வுக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

ஒரு வருசம் சந்தை சந்தையாக் கூவுனேன். கடேசில அந்தியூர்க் குதிரைச் சந்தைலதான் தீந்துச்சு. ஆளுக்கு ஒண்ணு தோள்ல, குதிரைக்கு ஒண்ணு முதுகுல.

அந்தத் தலைவரு இன்னும் இருந்தாருன்னா ஒண்ணு சொல்லோணும்: உங்க ஊர்ச் சனம் எங்கயும் தொலையலீங்க, அத்தனை பேரும் அந்தியூர்லதான் இருக்கறாங்க.