ஜவ்வரிசி போட்ட தவளை

அந்தப் பிப்ரவரியில் டென்சில் பாஸ்கோ ஒரு சபதம் எடுத்தார். இந்த வருஷம் சர்ச் இதழில் தன் பெயர் வந்தே தீர வேண்டும்.

ட்ரெவானிக் ஊர் சர்ச் இதழுக்கு நாலு பக்கம். மூன்று பக்கத்தை அச்சடித்தவரே படிப்பதில்லை. நாலாம் பக்கத்தில் வரும் ஒற்றை வரிக்குத்தான் ஊரே காத்திருக்கும்: அந்த வருஷத்தின் முதல் தவளை முட்டையைப் பார்த்தவர் பெயர். ஒன்பது வருஷமாகப் பக்கத்து வீட்டு ட்ரெம்பாத் அந்த வரிக்குப் பட்டா வாங்கி வைத்திருந்தார்.

அவரை ஒழிப்பதற்கென்றே மூன்று வருஷத்துக்கு முன் டென்சில் தோட்டத்தில் ஒரு குளம் வெட்டினார். வெட்டியதில் மணிக்கட்டு போய்விட்டது. டாக்டர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அது டாக்டரின் குறை. அன்றிலிருந்து அவரால் உருளைக்கிழங்கு தோல் சீவ முடியாது. ஜன்னலுக்கு வர்ணம் அடிக்க முடியாது. பியர் கோப்பையை மட்டும் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிவிடுவார்.

இப்போது சமையலறையில் இரண்டு பெட்டி கசப்பு ஆரஞ்சு உட்கார்ந்திருந்தது. மார்மலேட் என்கிற ஆரஞ்சுத் தோல் ஜாம் போட வேண்டுமானால் அத்தனை தோலையும் நூல் நூலாக நறுக்க வேண்டும். கொஞ்சம் கை கொடேன் என்றாள் மனைவி டாம்சின். அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தீட்டினாள்.

குளத்தில் இரண்டு தவளைகள் இருந்தன. தினமும் காலையில் டென்சில் அவற்றைப் பார்ப்பார். அவையும் அவரைப் பார்க்கும். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. வேலிக்கு மேலே ட்ரெம்பாத்தின் தலை முளைக்கும்.

"என்ன டென்சில், ஏதாவது உண்டா?"

"வரும், வரும்."

"நம்ம குளத்துல இன்னும் ரெண்டே நாள்னு தோணுது. பாவம், நீயும் வெட்டித்தான் பாத்தே."

வயிறு எரிந்தது டென்சிலுக்கு. வியாழக்கிழமை டாம்சின் பாட்டுக்குழு ஒத்திகைக்குப் போனதும் பெரிய ஜவ்வரிசிப் பாக்கெட்டை எடுத்து வேகவைத்தார். பெற்ற தவளையே ஏமாந்துவிடும். ஆனால் நடுவில் கரும்புள்ளி இல்லையே? பல்குத்தும் குச்சியை எடுத்தார். ஒவ்வொரு ஜவ்வரிசிக்குள்ளும் ஒரு கருப்புக் கசகசாவைச் செருகினார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. கை இம்மியும் நடுங்கவில்லை. எல்லாவற்றையும் குளத்தில் கொட்டிவிட்டு, இதழ் நடத்தும் திருமதி ஹாக்கிங்குக்கு ஃபோன் செய்தார். நாளை நாலு மணிக்கு எப்படியும் அந்தப் பக்கம் வருகிறேன் என்றாள் அவள்.

டாம்சின் திரும்பி வந்தாள். மேஜையில் ஒரே ஒரு கசகசா கிடந்தது. தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தாள்.

"நல்லா வெந்திருக்கு," என்றாள்.

"எது?"

"ஞாயித்துக்கிழமை புட்டிங். ஒண்ணொண்ணுக்கும் எவ்வளவு அழகா பொட்டு வச்சிருக்கே! மணிக்கட்டு வலிக்கலையா, என் ராசா?"

இன்று கொஞ்சம் தேவலை என்று முணுமுணுத்தார் டென்சில்.

"சந்தோஷம். ஹாக்கிங் வந்தா ஜவ்வரிசியைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பெட்டிகளைப் பார்த்தாள்.

புகழுக்கு இது மலிவான விலை என்று டென்சில் கணக்குப் போட்டார். அன்று சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் நறுக்கினார். தடிமனாக இருந்ததையெல்லாம் டாம்சின் திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஹாக்கிங் வந்தாள். முதலில் டாம்சினோடு தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். பெண்களுக்கு ஆயிரம் பேச்சு இருக்கும் என்று டென்சில் கடைசிப் பழத்தைக் கையில் வைத்தபடி பொறுத்துக்கொண்டார். பிறகு ஹாக்கிங் குளத்தருகே குனிந்தாள். ஒரு விரலை விட்டாள், முகர்ந்தாள், சமையலறைக்குள் வந்தாள். நறுக்கிய தோல் மலையாகக் குவிந்திருந்தது.

"இதையெல்லாம் யார் நறுக்கினது?"

"டென்சில்தான்," என்றாள் டாம்சின்.

"அடேயப்பா. முழுப் பேர் டென்சில் பாஸ்கோதானே?" என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

டென்சிலுக்குக் கண் கலங்கிவிட்டது. தேநீர்க் கோப்பைகளைக்கூட அவரே கழுவினார். டாம்சின் சொன்ன சொல் தவறவில்லை. ஜவ்வரிசி என்ற பேச்சே எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்தது. நாலாம் பக்கத்தைப் புரட்டினார்.

'முதல் தவளை முட்டை: திருமதி டாம்சின் பாஸ்கோ. கொட்டகைக்குப் பின்புறம், மழைக்குட்டை. செவ்வாய்க்கிழமை.'

"செவ்வாய்க்கிழமையா? அப்பவே பாத்துட்டியா?"

"பாத்தேன். அன்னைக்கே ஹாக்கிங்குக்குச் சொல்லிட்டேன். அதைப் பாக்கத்தான் அவங்க வந்தாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீதான் மணிக்கட்டு வலியோட உக்காந்திருந்தியே. இதை வேற சொல்லி எதுக்கு நோகடிக்கணும்? விடு, உன் பேரும் வந்திருக்கு. கீழே பாரு."

கீழே வந்திருந்தது. 'ஈஸ்டர் விற்பனை மார்மலேட்டுக்காக வீடு வீடாக வந்து சேரும் பன்னிரண்டு பெட்டி ஆரஞ்சையும் தம் கையாலேயே நறுக்கித் தரவிருக்கும் திரு. டென்சில் பாஸ்கோவுக்கு ஊரார் சார்பில் நன்றி.'

வாசல் மணி அடித்தது. முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ட்ரெம்பாத் நின்றிருந்தார்.