கைப்பிடியைத் தொட்ட நிபுணர்

விமானத்தில் ஒருமுறையேனும் பறந்தவர்களிடம் விமான நிலையத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "வரிசையில போனேங்க, உள்ள வுட்டுட்டாங்க" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்தவர் வேறு வகை. அவர் வழியனுப்ப மட்டுமே போனவர். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே அந்தப் பக்கத்தை முழுதும் கற்றவர். ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். திருத்தணிக்குப் பரசுராமன்.

அவருக்கு மலையடிவாரத்தில் ஒரு வீடு, திருவாலங்காட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரும்பு, அரக்கோணத்துக்கு அப்பால் பயணம் போகும் எவர் மீதும் அளவில்லாத அக்கறை. எந்த வீட்டில் பெட்டி அடுக்கத் தொடங்கினாலும் எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, வந்து நாற்காலி கேட்பார். பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார். ஊறுகாயை எடுத்துவிடச் சொல்வார். எடுத்ததைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோவார். "தெரியாது" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

எதிர்வீட்டு தேவயானிக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. குறித்த நாள் காலையில் அங்கே கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும். ஒரு நிபுணருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையுமா?

"வெடிமருந்து மெஷின்னு ஒண்ணு கீது தேவயானி. சின்னத் துணித்துண்டால உன் கைய, பெட்டிய எல்லாம் தொடச்சி அதுல வெப்பான். மெஷின் அதச் சூடு பண்ணி, ஆவியாக்கி, மோந்து பாக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசு இருந்தாலும் கத்திடும்."

"நான் எதுக்கு மாமா வெடிமருந்தத் தொடப்போறேன்?"

"நீ தொடத் தேவையில்ல. பட்டாசு, பயிருக்குப் போடற உரம், இதுலகூட அதே சமாச்சாரம் கீது."

இதில் ஒரு சொல்லும் தவறில்லை. இந்த வகையினர் சொல்வது பாதி நேரம் சரியாகவே இருந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து.

அன்றிலிருந்து ஆட்சி அவருடையது. அவள் கிளம்பும்போது தெருமுனையில் கொளுத்த வாங்கிய சரவெடி கடைக்கே திரும்பிப் போயிற்று. தாய் புவனா மகளின் கையில் எலுமிச்சம்பழம் தேய்த்துத் தேய்த்து ரேகையே மங்கிவிட்டது. மலைக்கோயில் விபூதியைக்கூட "அதுவும் பொடிதானே" என்று நெற்றியிலிருந்து துடைக்க வைத்தார். முருகன் பொறுத்துக்கொண்டான். கைப்பெட்டியை ஒருவரும் தொடக்கூடாது, அவர் ஒருவரைத் தவிர. வேனில் ஏற்றியது, மீனம்பாக்கம் வரை கைப்பிடியைப் பற்றியபடியே பாடம் நடத்தியது, வாசல் வரை உருட்டியது எல்லாம் அவர்தான்.

தேவயானி உள்ளே போய் ஒரு மணி நேரத்தில், வழியனுப்ப வந்தவர்களோடு வாசலில் நின்ற பரசுராமனுக்குப் போன் வந்தது. எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, மெஷின் கத்துது! என் கை சுத்தமாம், பெட்டிக் கைப்பிடிதான் கத்துது. தனியா நிக்க வெச்சிட்டாங்க. உரம், பட்டாசு எதுனா பட்டுச்சான்னு கேட்டுகினே கீறாங்க. இன்னா சொல்றது? எல்லாரும் ஏற ஆரம்பிச்சிட்டாங்க!"

பரசுராமன் தொண்டையைச் செருமினார். "மெஷின் பழசா இருக்கும். புது மாடலான்னு கேளு."

"மாமா!"

அவர் மனைவி ஹேமாவதி அதுவரை வாய் திறக்கவில்லை. முப்பது வருடமாகத் திறக்க இடம் கிடைத்ததில்லை. போனைப் பிடுங்கினாள்.

"இந்தா பாரு தேவயானி, உங்க மாமா காலையில கரும்புக்கு உரம் போட்டாரு. லேட்டாயிடுச்சின்னு கைய வேட்டியில தொடச்சிகினு வேன்ல ஏறிட்டாரு. அந்தக் கையாலதான் உன் பெட்டியப் புடிச்சிகினு வந்தாரு. அப்படியே சொல்லு, மறைக்காத."

எல்லார் பார்வையும் அந்த வலது கையில் விழுந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையில் போட்டால் மறைந்துவிடுமா? அரை மணி நேரம் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி நின்றார். அந்தப் பெண் பெட்டியோடு திரும்பி நடந்து வருவது போலவே ஒவ்வொரு உருவமும் தெரிந்தது. 'எனக்குத் தெரியலையே, தெரியாமப் போச்சே' என்று மனம் முதன்முதலாக அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகியது.

போன் மறுபடி அடித்தது. பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்து, திரும்பத் துடைத்துப் பார்த்து விட்டுவிட்டார்களாம். கடைசி ஆளாக ஓடி ஏறியிருக்கிறாள். புவனா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பரசுராமன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? திரும்பும் வழியில் வேன் திருவள்ளூரைத் தொடும் வரைக்கும் திருந்தித்தான் இருந்தார்.

"ஹேமா, நான் சொன்னது தப்பா? உரத்தக்கூடப் புடிச்சிடும்னேன். புடிச்சிதா இல்லியா?"

"ஆங், புடிச்சிது" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது பொதட்டூர்பேட்டையிலிருந்துகூட யோசனை கேட்டு வருகிறார்கள். மெஷினே மோந்து பார்த்த கை அல்லவா?

சிரிக்காதீர்கள். அந்த மெஷின் எப்படி மோப்பம் பிடிக்கிறது என்பது உங்களுக்கும் இப்போது தெரியும். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பும் மைத்துனரிடம் அதை விளக்க நாக்குத் துறுதுறுக்கிறதா? தாராளமாக விளக்குங்கள். பெட்டியை மட்டும் அவரே தூக்கட்டும்.