சீனிவாசகனார் பிக்கப் வண்டி எடுக்க நாள் குறித்த படலம்

வாழ்க சீனிவாசகனார். சிவகாசி மாநகரின் திருத்தங்கல் சாலையில் முந்நூற்றறுபத்தைந்து நாட்களையும் ஒரு தகரப்பட்டிக்குள் அடக்கி, அட்டையில் அறைந்து, கட்டுக்கட்டாய் ஊர்தோறும் அனுப்பிவைக்கும் நாட்காட்டிக் குலத் தோன்றல் அவர். நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை அரைமணி நேரம் பட்டறை முழுதும் தேடவல்ல பெருந்தகை. ஐம்பத்து நான்கு அகவை நிறைந்தும் சொந்தமாய் ஒரு சைக்கிளுக்கு மேல் வாகனம் ஏறாத எளிமையின் சிகரம். அன்னார் ஒரு பிக்கப் வண்டி வாங்க நாள் குறித்த வரலாற்றையே இங்கு உரைக்கப் புகுந்தோம்.

தாள் தாளாய்க் கிழிபடும் காலமே, எம் நாவில் வந்து நில். கிழித்த உன் தாளில் வடையின் எண்ணெயைத் துடைத்துப் போடுகிற எங்களைப் பொறுத்துக்கொண்டு, இந்தக் கதை முடியும்வரை கூடவே இரு.

போருக்கு மூலகாரணம் சென்ற ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது. விருதுநகரில் பருப்பு மண்டி நடத்தும் வணிகர்கோமான் செந்தூர்பாண்டி, புத்தாண்டுப் பிறப்பன்று தம் வாடிக்கையாளர்க்கு வழங்கும் பொருட்டு நாலாயிரம் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மயிலேறிய முருகனும், முருகனைவிடப் பெரிய எழுத்தில் மண்டியின் பெயரும் பொறித்த அந்த நாலாயிரமும் குறித்த தேதியில் பட்டறையில் ஆயத்தமாய் நின்றன. அவற்றை ஏற்றிச்செல்ல வேண்டியவர் தாயில்பட்டி செல்லச்சாமி. வாடகை வண்டிச் சாரதி. அவரோ, ஆலங்குளத்துச் சிமெண்ட் லோடு ஒன்று கூடுதல் வாடகையோடு கைநீட்டி அழைக்க, அதன்பின் சென்றவர் புத்தாண்டு கழிந்தே திரும்பி வந்து லோடு ஏற்றினார். நாலாயிரம் காலண்டரும் மண்டி வாசலில் இறங்கியபோது புத்தாண்டு பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

செந்தூர்பாண்டி கல்லாவைவிட்டு எழாமலே ஆணை பிறப்பித்தார்.

"ஒண்ணாந்தேதி குடுக்க வேண்டியத மூணாந்தேதி கொண்டாந்தா, அத வச்சு நான் என்ன செய்யட்டும்? வந்த வண்டியிலேயே திருப்பி ஏத்திட்டுப் போங்க."

ஏற்றிய கை இறக்கி, இறக்கிய கை மீண்டும் ஏற்றி, நாலாயிரம் முருகரும் வந்த வழியே சிவகாசிக்குத் திரும்பினர். சீனிவாசகனார் அவர்களைப் பட்டறையின் பின்னறையில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினார். அந்த அறைப்பக்கம் அதன்பின் அவர் போகவில்லை. அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பட்டறைச் சுவரிலோ வீட்டுச் சுவரிலோ மாட்டவும் மனம் வரவில்லை. ஊருக்கெல்லாம் நாள் காட்டுகிறவர் வீட்டில் அந்த வருடம் முழுவதும் காலண்டரே இல்லை. அவருக்கு அவமானமாக இருந்தது, அதுதான் காரணம்.

தார்ப்பாய் போட்டு மூடிய அன்றே, நாலாயிரத்தின் மேல் கைவைத்து, இல்லக்கிழத்தி பொன்னுத்தங்கம் சாட்சியாக, அவர் சபதம் உரைத்தார்.

"இனி என் சரக்கு என் வண்டியிலதான் போகும்."

சபதம் எடுப்பது எளிது. வண்டி எடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. தை மாதத்தில் விலை கேட்டார். கேட்ட விலை பெரிதாகப் படவே, "சித்திரை பொறக்கட்டும்" என்று அருளிப் பாசறைக்குத் திரும்பினார். சித்திரைக்கு முன்னமே ஏப்ரல் முதல் தேதி வந்தது. விலையேற்றம் என்னும் அசுரன் இரும்பு விலை, உதிரிபாக விலை என்னும் இரு தோள் தட்டி ஒரு படி மேலேறி நின்றான். ஏறியது இறங்காமலா போகும் என்று இவர் கீழே காத்து நின்றார். ஆடியில் அவன் உண்மையாகவே இறங்கி வந்தான்; தள்ளுபடி, தங்கக் காசு, இலவச இன்சூரன்ஸ் என்று தெருவெல்லாம் முரசறைந்தான். ஆனால் ஆடியில் யார் வண்டி எடுப்பார்கள். ஆவணி பிறந்து இவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய அன்று தள்ளுபடி முடிந்துவிட்டது. புரட்டாசியில் வீட்டில் ஒப்பவில்லை. ஐப்பசியில் தீபாவளிச் சீசன், எம். புதுப்பட்டியிலிருந்து வெம்பக்கோட்டை வரை பட்டாசுக் கம்பெனிகள் சக்கரம் வைத்த எதையும் விடாமல் ஓட்டிக்கொண்டிருக்க, ஷோரூமில் தரை மட்டுமே மிச்சம் இருந்தது. இவ்வாறு பதினோரு மாதம் விலையோடு பொருதும், நம் வீரர் ஒரு காயம் படவில்லை; ஒரு வண்டியும் வாங்கவில்லை.

கார்த்திகை பாதியில் இரண்டு செய்திகள் ஒரே நாளில் வந்தன. முதலாவது செந்தூர்பாண்டியிடமிருந்து. போனால் போகட்டும் என்று இந்த வருடமும் அதே நாலாயிரத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்த அவர், தொலைபேசியில் பிரகடனம் செய்தார்: "டிசம்பர் இருபத்தஞ்சாந்தேதிக்குள்ள சரக்கு மண்டியில இறங்கணும். இந்த வாட்டியும் பிந்துச்சுன்னா, நமக்குள்ள இனி வியாபாரம் வேண்டாம் பாத்துக்கோங்க." இரண்டாவது, விருதுநகர் ஷோரூமின் விற்பனைத் தளபதி பாலகுருவிடமிருந்து: "சார், ஜனவரி ஒண்ணாந்தேதியிலருந்து இருபத்திரெண்டாயிரம் கூடுது. பழைய விலைக்கு யார்டுல ரெண்டே வண்டிதான் நிக்கி."

நிலவரத்தை நோக்குக. ஜனவரி பிறந்தால் விலை ஏறும். டிசம்பர் பதினாறில் மார்கழி பிறக்கும். மார்கழியில் வண்டி எடுப்பதில்லை. எனவே கார்த்திகை முடிவதற்குள் ஒரு நல்ல நாள் வேண்டும். அது தவறினால் தையில், ஏறிய விலையில், அதுவும் சரக்குப் போய்ச் சேர வேண்டிய நாள் கழிந்த பிறகு.

நாள் என்றால் நம் வீரருக்குப் பஞ்சமா. பட்டறையின் நடுவே கால்களை அகல ஊன்றி நின்று, தாள்கட்டுகளைத் தகரப்பட்டியில் தைத்துக்கொண்டிருந்த ரோஜாவையும் வேல்விழியையும் பார்த்து, "பத்து காலண்டர் எடுத்து இங்கன வைங்க" என்று கட்டளையிட்டார். கட்டியிருந்த பண்டல்கள் பிரிக்கப்பட்டன. முருகன் இரண்டு, பிள்ளையார் மூன்று, ஏசுநாதர் ஒன்று, மெக்கா ஒன்று, குழந்தை படம் இரண்டு, நீர்வீழ்ச்சி ஒன்று என்று பதின்மர் அவை கூடியது. சீனிவாசகனார் ஒவ்வொன்றாய் டிசம்பர் வரை புரட்டினார். பத்தும் ஒரே குரலில் உரைத்தன: பதினான்காம் தேதி, கார்த்திகை இருபத்தெட்டு, வியாழக்கிழமை, வளர்பிறை, அமிர்தயோகம், சுபமுகூர்த்தம். பத்தின் தாள்களும் ஒரே அச்சகத்தில் அடித்தவை என்பதால் இந்த ஒற்றுமையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அவர் வியந்தார்.

"பதினாலாந்தேதி. காலையில பத்தரைக்கு மேல. முடிவு பண்ணியாச்சு."

ரோஜா, "மொதலாளி, அது வந்து..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிரகடனம் நிகழ்கையில் குறுக்கே பேசுவது அந்தப் பட்டறையில் வழக்கமில்லை. அவள் தையலைத் தொடர்ந்தாள்.

பதினான்காம் நாள் புலர்ந்தது. குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, விபூதி மூன்று பட்டை தீட்டி, சீனிவாசகனார் வாசலில் வந்து நின்றார். மஞ்சள் பையில் தேங்காய், சூடம், கதம்பமாலை, நான்கு சக்கரங்களின் கீழ் வைத்து நசுக்குவதற்கென்று பொன்னுத்தங்கம் சந்தையில் உருட்டி உருட்டிப் பொறுக்கிய நான்கு எலுமிச்சம்பழம். திரும்புகையில் சொந்த வண்டியில் வருவோம் என்பதால் கணவனும் மனைவியும் விருதுநகர்ப் பேருந்தில் போவதற்கு மட்டும் சில்லறை எடுத்துக்கொண்டார்கள். வழியெல்லாம் கண்ணில்பட்ட பிக்கப் ஒவ்வொன்றையும் அவர் நோக்கியதில் ஒரு பெருமிதம் இருந்தது, சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பது போல.

ஷோரூமில் ஈ இல்லை. முகூர்த்த நாளில் மாலையும் மேளமுமாய் இரைச்சலாய் இருக்க வேண்டிய அந்த மண்டபத்தில், பாலகுரு ஒருவர் மட்டும் மேசையில் கைபேசியைச் சாய்த்துவைத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து, மஞ்சள் பையையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க சார். அமௌண்ட் கட்ட வந்திருக்கீகளா?"

"வண்டி எடுக்க வந்திருக்கோம். முகூர்த்த நாள்லா."

"முகூர்த்தம் நேத்தைக்கு சார். இன்னைக்கு அஷ்டமி."

"வியாழக்கிழமை அஷ்டமி எங்கன இருந்து வந்துச்சு?"

"இன்னைக்குப் புதன் சார்" என்ற பாலகுரு, கையை உயர்த்திச் சுவரைச் சுட்டினார்.

அங்கே ஒரு காலண்டர் தொங்கியது. தகரப்பட்டியின் ஓரம் மடிந்திருந்த விதத்திலேயே அது தம் பட்டறைப் பிள்ளை என்று சீனிவாசகனாருக்குத் தெரிந்துவிட்டது. பெரிய எழுத்தில் பதினான்கு. அதன் கீழே புதன். அதன் கீழே தேய்பிறை அஷ்டமி. தலைப்பில் சின்னதாய் வருடம். அந்த வருடத்தைப் பார்த்தபோதுதான் அவர் காலின் கீழ் ஷோரூமின் பளிங்குத்தரை அசைந்தது. பட்டறையில் அவர் புரட்டியது இன்னும் பிறவாத அடுத்த ஆண்டின் காலண்டரை. ஆடிப்பெருக்குக்கு மாதிரிப் படங்களின் ஆல்பம் வெளியிட்ட நாளிலிருந்து காலண்டர்காரர்கள் தைப்பதும் கட்டுவதும் அடுத்த ஆண்டைத்தான். நடக்கிற ஆண்டு அவர்களுக்கு முடிந்துபோன சரக்கு. சீசனில் ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. கிழமை பிசகியதைக் கவனிக்க அவருக்கு ஒரு விடுமுறைகூட வாய்க்கவில்லை. நடக்கிற ஆண்டின் காலண்டர் அவரிடம் நாலாயிரம் இருந்தது, எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில்.

இன்று அஷ்டமி. நாளை நவமி. மறுநாள் மார்கழி.

"நேத்து முகூர்த்தத்துல ஒரு வண்டி போயிருச்சு சார், தாயில்பட்டிப் பக்கத்து ஆளு ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு" என்றார் பாலகுரு. "இன்னொண்ணு நிக்கி. நீங்க சரின்னா இன்னைக்கே எடுத்துக்கலாம்."

நின்றது. வெண்ணிறமாய், மாலை விழாத கழுத்தோடு, தன்னை ஆள வந்தவரைப் பார்த்தபடி நின்றது. அதை வலம்வந்தார் சீனிவாசகனார். முதற் சுற்றில் இருபத்திரண்டாயிரம் என்னும் யானைப்படை அவர் நெஞ்சில் ஏறி மிதித்தது. இரண்டாம் சுற்றில் அஷ்டமியும் நவமியும் வாளுருவி அந்த யானைகளை விரட்டின. மூன்றாம் சுற்றில் யானைகள் திரும்பி வந்தன, கூடவே செந்தூர்பாண்டியின் குரலும். டயரைத் தொட்டார்; கதவைத் திறந்தார்; மூடினார். மூடிய ஓசை நன்றாகத்தான் இருந்தது.

பொன்னுத்தங்கம் இப்போது அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஏங்க, விலை என்ன நாள் பாத்தா ஏறுது? எடுத்துருவோம். சாமி ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

அவர் மனைவியைப் பார்த்தார். "அஷ்டமியில எடுத்த வண்டி லோடோட வழியில நின்னுச்சுன்னா? போன வருசமாச்சும் செல்லச்சாமியச் சொல்லித் தப்பிச்சேன். என் வண்டி நின்னா நான் யாரச் சொல்ல?"

 பதினோரு மாதம் அவர் பயந்தது விலைக்கு அல்ல என்பது பொன்னுத்தங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. பையின் வாயை முடிந்தார்.

வீரர் பாலகுருவின் பக்கம் திரும்பி, குரலைக் கம்பீரமாக்கிக்கொண்டு, அன்றைய கடைசிப் பிரகடனத்தை வெளியிட்டார். "தை பொறக்கட்டும்."

திரும்பும் பேருந்தில் உட்கார இடமில்லை. கதம்பமாலை வாடாமலிருக்கப் பொன்னுத்தங்கம் அதை மார்போடு அணைத்து நின்றதால், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று எண்ணிக் கண்டக்டர் வழிவிட்டார். பட்டறையில் இறங்கியதும் சீனிவாசகனார் நேரே பின்னறைக்குப் போனார். தார்ப்பாயை விலக்கினார். நாலாயிரத்தில் மேலாக இருந்த ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, அந்த நாள்வரைக்குமான தாள்களை மொத்தமாகக் கிழித்து, ரோஜாவின் தலைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினார். ஆண்டு முடியப் பதினேழு நாள் இருந்தது.

"இதத்தான் மொதலாளி நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்" என்றாள் ரோஜா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதன்பின் அவர் செல்லச்சாமிக்குப் போன் போட்டார். இருபத்துநான்காம் தேதி வண்டி வருமா என்று கேட்ட அந்தக் குரலில் சபதத்தின் சாயலே இல்லை. எதிர்முனையோ மகிழ்ச்சியில் பொங்கி வழிந்தது.

"வெள்ளனையே வந்துருதேன் மொதலாளி. இந்த வாட்டி சிமெண்ட் கிமெண்டுன்னு எங்கயும் போக மாட்டேன். நேத்துதான் புது பிக்கப் எடுத்திருக்கேன், வாடகை மட்டும் கொஞ்சம் கூட ஆகும். போன வருசம் அந்தச் சரக்கத் திருப்பிக் கொண்டாந்தப்போ, உங்க காலண்டர் ஒண்ணு என் வண்டியிலயே கிடந்துச்சு பாத்துக்கோங்க. அதப் பாத்துத்தான் நாள் குறிச்சேன். நல்ல ராசியான காலண்டர்."

சொன்னபடியே வந்தார் செல்லச்சாமி. புத்தாண்டின் நாலாயிரம் முருகரும் புது வண்டியில் ஏறி, இருபத்துநான்காம் தேதி மதியத்துக்குள் பருப்பு மண்டியில் இறங்கினர். செந்தூர்பாண்டி எழுந்து நின்று ஒன்றைப் பிரித்துப் பார்த்துத் தலையசைத்தார். அது பத்து நாள் கழித்து நடந்தது. அதற்கெல்லாம் முன்பு, அஷ்டமி கழிந்து நவமி பிறந்த அந்த வியாழக்கிழமை நண்பகலில், விலையேற்ற அசுரனோடு பதினோரு மாதம் பொருது, ஒரு தையும் ஒரு சித்திரையும் ஓர் ஆடியும் ஓர் ஆவணியும் கண்டு, வாகை சூடுவதற்கென்று கட்டிய கதம்பத்தை வீட்டுப் பூஜையறைப் பிள்ளையாருக்குச் சூட்டிவிட்டு, நாட்காட்டிக் குலநாயகர் சீனிவாசகனார் இலையின் முன் வந்து அமர்ந்தார்.

மதியம் எலுமிச்சம்பழச் சாதம்.