புகாரே வராத பிளகின்

ஒரு காட்டில் ஒரு வரைபடம் இருந்தது. அது ராஜாவுக்கும் சொந்தமில்லை, கம்பெனிக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் செல்போனில் இறக்கிக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே கைவைத்துத் திருத்தலாம். அதற்கு முன்னால் கழுகுகள் நடத்திய கம்பெனியின் வரைபடம்தான் எல்லோரிடமும் இருந்தது. தண்ணீர் எங்கே என்று அதில் தேடினால் முதலில் முதலையின் விளம்பரம் வரும். அதை நம்பிப் போனவர்கள் அப்புறம் எதையும் தேடவில்லை. ஆகவே மிருகங்கள் கூடிப் பேசி, தங்களுக்கென்று ஒரு திறந்த வரைபடத்தைத் தாங்களே எழுதிக்கொண்டன.

அந்த வரைபடம் மலை, ஆறு, மரம் காட்டும். அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் பிளகின் போட வேண்டும். பிளகின் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வரைபடத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு வேலையைச் செய்கிற குட்டி மென்பொருள். கரடி, தேன்கூடு காட்டும் பிளகின் எழுதியது. ஆந்தை, வரைபடத்தையே கறுப்பாக்கும் பிளகின் எழுதியது. கேட்டால் கண் கூசுகிறதாம்.

வடிவு என்ற அழுங்கும் ஒன்று எழுதியிருந்தாள். அழுங்கைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பெல்லாம் செதில், சாப்பாடு எறும்பு, யாராவது அதட்டினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்தக் காட்டு ஏரிக்கரையில் புதைசேறு உண்டு. ஒவ்வொரு மழைக்கும் அது இடம் மாறும். மேலே பச்சைப்புல்லோடு சமர்த்தாகக் கிடக்கும், கால் வைத்தால் ஆளையே விழுங்கும். வடிவின் அக்கா அப்படித்தான் போனாள். வடிவு அழுது முடித்துவிட்டு உட்கார்ந்து, எங்கே என்ன மண், எங்கே எவ்வளவு மழை என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு மழைக்கும் சேறு நகரும் இடத்தைத் தானாகவே கணக்கிட்டுச் சிவப்பாகக் காட்டும் பிளகினை எழுதினாள். அது ஒரு நாளும் தப்பாகக் காட்டியதில்லை. அதற்குப் பிறகு ஏரிக்கரையில் யாரும் புதையவில்லை. சேறு என்ற ஒன்று இருந்ததையே காடு மறந்துபோயிற்று.

சித்திரசேனன் என்ற குரங்கு எழுதிய வாழைக்குலைப் பிளகின் வேறு ரகம். ஒரு பதிப்பு வாழை என்று சொல்லிக் கரடியை முட்புதருக்குள் அனுப்பும். அதைத் திருத்தி வரும் அடுத்த பதிப்பில் வரைபடமே தலைகீழாகிவிடும். அவனுக்கு அது வித்தியாசமாகத் தெரியாது. அவன் பார்ப்பதே தலைகீழாகத் தொங்கிக்கொண்டுதானே. புகார் மலைபோலக் குவியும். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவான், மன்னிப்புக் கேட்பான், மறுபடி கெடுப்பான். காட்டில் அவனைத் தெரியாதவர் கிடையாது. ஆண்டு மாநாட்டில் அவனுக்குத்தான் மாலை.

பிளகின்கள் பெருகி, எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. பலாப்பழம் தேடுவதற்கே ஏழெட்டு இருந்தன, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். முயல் ஒன்று ‘குறுக்குவழி’ என்ற பெயரைப் பார்த்து ஒரு பிளகினைப் போட்டது. அது நரி எழுதியது. குறுக்குவழிதான், நரி வீட்டுக்கு. இதற்கப்புறம்தான் பிளகின் ஒழுங்குபடுத்தும் குழு ஒன்றை அமைத்தார்கள். தலைவர் நியாயசேகரன், கழுதைப்புலி. அவர் ஒரு பிளகினும் எழுதியதில்லை என்பதால் யாருக்கும் வேண்டியவர் இல்லை, ஆகவே நடுநிலையானவர் என்று தேர்ந்தெடுத்தார்கள்.

குழு முதலில் வேண்டாததைக் கழிக்க முடிவு செய்தது. எது வேண்டாதது என்று எப்படித் தெரியும்? யார் எந்தப் பிளகினைப் போட்டிருக்கிறார்கள் என்று வேவு பார்க்கக் கூடாது என்பது திறந்த வரைபடத்தின் முதல் விதி. கழுகுகள் அதைத்தான் செய்து எல்லோரையும் தின்றன. ஆகவே நியாயசேகரன் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று மழைக்குள் ஒரு புகாராவது வராத பிளகின் செத்த பிளகின். அதைக் கழற்றிவிட வேண்டும்.

அறிவிப்பைப் பார்த்ததும் வடிவு, வாலில் குட்டியை உட்காரவைத்துக்கொண்டு, தலைவர் குடியிருந்த ஆலமரத்தடிக்கு ஓடினாள்.

“தலைவரே, என்னோடதைக் கழட்டிராதீங்க. எல்லாரும் அதை வச்சுத்தான் ஏரிக்குப் போறாங்க.”

“ஒரு புகார்கூட இல்லையேம்மா?”

“தப்பு இல்லை, அதான் புகார் இல்லை.”

“தப்பே இல்லாத பிளகினா? என் சர்வீஸ்ல பாத்ததில்லை. யாருமே தொடலைன்னுதான் அர்த்தம்.”

“தொடலைன்னா சேத்துல விழுந்திருப்பாங்களே? யாரும் விழலையே!”

“விழாதவங்க சாட்சி செல்லாது. விழுந்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வா.”

வடிவுக்குத் தெரிந்து விழுந்தவள் ஒருத்திதான், அவளைக் கூட்டிக்கொண்டு வர முடியாது. தலைவர் கொஞ்சம் அதட்டவும் வடிவு வழக்கப்படி சுருண்டுகொண்டாள். பந்தோடு யார் பேசுவது? குழு அடுத்த பிளகினுக்குப் போயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பக்கத்து வளை மாசிலாமணியைப் பிடித்தாள். அவர் முள்ளம்பன்றி, காட்டிலேயே நாணயமானவர்.

“அண்ணே, எனக்காக ஒரு புகார் போடுங்களேன். வேலை செய்யலைன்னு ஒரு வரி.”

“வேலை செய்யுதேம்மா.”

“தெரியும்ணே. சும்மா.”

“நேத்துகூட அதைப் பாத்துத்தான் தண்ணி குடிச்சேன். அருமையான பிளகின். அதைப் போய் வேலை செய்யலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும்.” மாசிலாமணி கண் கலங்கிவிட்டார். “நீ நல்லா இருக்கணும்மா” என்று வாழ்த்தி அனுப்பினார்.

பிளகின் போயிற்று. விடியும்போது எல்லோருடைய செல்போனிலும் வரைபடம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. ஏரிக்கரை முழுக்கப் பச்சை. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது என்று மயில்கூடப் பாராட்டியது.

பிறகு மழை பெய்தது. சம்பங்கி என்ற யானை தன் குட்டியோடு தண்ணீருக்கு வந்தாள். வரைபடத்தைப் பார்த்தாள், சிவப்பு எங்குமில்லை. குட்டி துள்ளிக்கொண்டு முன்னால் ஓடியது. நாலு கால்களும் ஒன்றாக உள்ளே போயின. சம்பங்கி போட்ட சத்தத்தில் மலையே அதிர்ந்தது.

வடிவு ஓடி வந்தாள். அவளுடைய செல்போன் பழையது, எதையும் புதுப்பிக்காது. அதில் மட்டும் சிவப்பு இன்னும் இருந்தது.

“சம்பங்கி, அங்க நிக்காதே, நீயும் போயிருவ! இடது பக்கம் பாறை இருக்கு, அதுமேல ஏறு!”

“எம்புள்ள, அக்கா! காது வரைக்கும் போயிருச்சு!”

“ஏறுடி முதல்ல! ஏறித் தும்பிக்கையை நீட்டு!”

சம்பங்கி ஏறினாள், நீட்டினாள், இழுத்தாள். சேறு விடமாட்டேன் என்றது. அவளும் விடவில்லை. கடைசியில் குட்டி மூக்கு வாயெல்லாம் சேறாக வெளியே வந்து விழுந்து, இருமி, தாயின் கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டது. வடிவு அழுதாள். அக்காவுக்கு முன்பு அழுதது போதவில்லை போலிருக்கிறது, அதையும் சேர்த்து அழுதாள்.

சம்பங்கி நேராக ஆலமரத்தடிக்குப் போனாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. தலைவரைத் தும்பிக்கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள் என்பதை மட்டும் எழுதலாம்.

கீழே இறக்கிவிட்டதும் நியாயசேகரன் ரோமத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, முகமெல்லாம் பல்லாகக் குழுவைக் கூட்டினார்.

“புகார் வந்துருச்சு! வடிவம்மா பிளகினுக்கு உயிர் இருக்கு! உடனே சேத்துருங்க.”

குழு கைதட்டியது. செத்த பிளகினுக்கே உயிர் கொடுத்த ஒழுங்குபடுத்தும் பணி என்று அந்த வருடத்து அறிக்கையில் பெருமையாக எழுதிக்கொண்டார்கள். வடிவுக்கும் ஒரு பூங்கொத்து கிடைத்தது. அதில் எறும்பு இருந்ததால் அவள் வாங்கிக்கொண்டாள்.

“தலைவரே, இனிமே கழட்ட மாட்டீங்கல்ல?” என்று கேட்டாள்.

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். மூணு மழைக்குள்ள அடுத்த புகார் வந்தா இருக்கும்.”

அதாவது இன்னொரு குட்டி புதைய வேண்டும். வடிவு முதல்முறையாகச் சுருண்டுகொள்ளவில்லை. நேராக வீட்டுக்குப் போய், எழுதிய நாளிலிருந்து தொடாத பிளகினைத் திறந்தாள்.

மறுநாள் காலை நியாயசேகரன் எழுந்து செல்போனைப் பார்த்தார். ஆலமரத்துக்கு முன்னால், அவர் வாசலில், ரத்தச் சிவப்பாக ஒரு வட்டம். யானைக்குட்டி கதை ஞாபகம் வந்தது. நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“சேறு இருக்கா பாருங்க” என்று மாசிலாமணியைக் கூப்பிட்டுக் கேட்டார். மாசிலாமணி அந்த இடத்திலேயே நின்றுகொண்டு, “இல்லீங்களே, கெட்டியா இருக்கு” என்றார்.

“நீங்க சொல்றதை நம்புறதா, வரைபடத்தை நம்புறதா?” என்று சொல்லிவிட்டு, தலைவர் மரத்தின் பின்பக்கமாக முட்செடியில் உரசிக்கொண்டு வெளியேறினார். போனதும் முதல் வேலையாகப் புகார் போட்டார்.

வடிவு மன்னிப்புக் கேட்டாள். புதிய பதிப்பு வெளியிட்டாள். வட்டம் வாசலிலிருந்து பின்பக்கம் நகர்ந்தது. தலைவர் மறுபடி புகார் போட்டார். வட்டம் பக்கவாட்டுக்குப் போனது. ஏரிக்கரையில் மட்டும் ஒரு புள்ளிகூட அவள் மாற்றவில்லை. யானைக்குட்டிக்குப் பிறகு இன்றுவரை அங்கே யாரும் புதையவில்லை. மாநாட்டில் மிகத் துடிப்பான பிளகின் என்று மாலை போட்டார்கள். போட்டவர் நியாயசேகரன், உடம்பெல்லாம் முள் கீறலோடு. பக்கத்தில் நின்ற சித்திரசேனன் அவளிடம் குனிந்து, “இப்பத்தான் உனக்குத் தொழில் பிடிபட்டிருக்கு” என்றான்.

*

நீதி: செய்கிற வேலையைப் பிழையில்லாமல் செய்; செய்து முடித்ததும் ஒரு பிழையை எடுத்துத் தலைவர் வீட்டு வாசலில் வை.